நான்கு பிரதிகள்

காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். விசுவமடுவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் கணினித் திரையில் நான் முதலில் கண்டது, நான் எழுதிய ஒரு குறிப்பு.

"மனநோய்க்கு மருந்து எடுக்கிறார். ஊரில் தெரியக்கூடாது."

அதன் இடது பக்கத்தில் ஒரு பெண்ணின் முழுப்பெயர், கிராமம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். வலது பக்கத்தில் மாத்திரைகளின் பெயர்கள். மேலும் கீழும் வேறு பெயர்கள். அந்த ஒரு வரியைச் சுற்றி மட்டும் பச்சை நிறக் கட்டம். யாரோ அதன்மேல் சொடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

பதினாறு வருடங்கள் பத்திரிகையில் செய்தி திருத்தியவன் நான். எழுதியதை மறுநாள் எதிர்பாராத இடத்தில் காண்பது எனக்குப் புதிதல்ல. பாண் சுற்றிய தாளில் கண்டிருக்கிறேன், பேருந்து ஆசனத்தில் கண்டிருக்கிறேன். ஆனால் இந்தக் குறிப்பை அச்சுக்கென்று எழுதவில்லை. கிளிநொச்சியில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் கணினியில், கதவைச் சாத்திவிட்டு எழுதினேன். அந்தக் கணினி இந்தக் கடையில் இருந்து இருபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருந்தது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நீட்டிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, வெள்ளணவே வந்திட்டியள். இதை லமினேட் பண்ணவோ?"

"ஓம்" என்றேன்.

அவர் தாளில் இருந்ததை உரத்து வாசித்தார். "உங்கள் மருத்துவ விபரங்கள் இங்கே இரகசியமாகப் பாதுகாக்கப்படும். நல்ல வசனம். உங்கட கைதான் எண்டு பாத்தவுடன தெரியுது."

பிறகு திரையைச் சுட்டிக்காட்டினார். "உங்கட கிளினிக் சாமானும் இஞ்ச பத்திரமாக் கிடக்கு அண்ணை. மச்சாள் கொண்டந்து தந்தவா. பென் ட்ரைவ் பழுதாப் போனாலும் எண்டு நான் இதுக்குள்ளயும் ஒருக்கா ஏத்தி விட்டனான்."

அவர் மச்சாள் என்று சொன்னது எங்கள் மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணை. கடைக்காரரின் மனைவிக்குத் தங்கை. நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் போல அவரும் விசுவமடுவில் இருந்து தினமும் கிளிநொச்சிக்குப் பேருந்தில் வருபவர்.

"இதை ஆர் திறந்தது?" என்று கேட்டேன்.

கடைக்காரர் யோசித்தார். சனிக்கிழமை பின்னேரம் கடைசியாக வந்த ஒரு பெண். மகளை விசுவமடுவில் கட்டிக்கொடுத்தவர், சொந்த ஊர் முல்லைத்தீவுக் கரையோரம். படிவம் ஒன்று அச்செடுக்க வந்திருந்தார். அச்செடுக்கும் முன் படிவத்தைச் சரிபார்க்கட்டும் என்று இந்தக் கடையில் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, மவுசையும் அவர்களிடமே கொடுத்துவிடுவது வழக்கம். கடைக்காரர் உள்ளே தாள் எடுக்கப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண் தன் படிவத்தைத் தேடி வேறொன்றைத் திறந்திருக்கிறார்.

"நான் திரும்பி வரேக்க அவா இதைப் பாத்துக்கொண்டு நிண்டவா. 'எங்கட ரீச்சரும் இதில இருக்கிறா' எண்டு சொன்னவா. பாவம் எண்டும் சொன்னவா. நான் பேந்து அவாவின்ர படிவத்தை அடிச்சுக் குடுத்திட்டு அதை மட்டும் மூடினனான். அதுக்குள்ள கரண்ட் போச்சு, கடையைப் பூட்டினன். நேற்று ஞாயிறு."

"கரண்ட் போனால் இதெப்பிடித் திறந்து கிடக்கு?"

"லப்டொப் அண்ணை. பற்றரி இருக்கு. மூடியைச் சாத்தினால் நித்திரை, திறந்தால் முழிப்பு." தன் பகடிக்கு அவரே சிரித்தார். பிறகு நான் சிரிக்காததைக் கவனித்தார்.

அந்தக் கோப்பை என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். அழித்தார். குப்பைக் கூடையில் இருந்தும் அழிக்கச் சொன்னேன். அழித்தார். பென் ட்ரைவைக் கேட்டேன். மேசை லாச்சிக்குள் ஊதுபத்திப் பெட்டிக்குக் கீழே இருந்து எடுத்துத் தந்தார். எல்லாம் முடிந்தபோது மணி ஏழு மூன்று. லமினேட் செய்த அறிவித்தல் இன்னும் சூடாக இருந்தது.

*

அந்தக் கோப்பு எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் மருத்துவர் இளம் பெண். நோயாளர் விபரங்களை அதுவரை அட்டைகளில் எழுதி மர அலுமாரியில் வைத்திருந்தோம். கறையான் ஒருமுறை கீழ்த்தட்டைத் தின்றது. மழைக்கு ஒருமுறை ஓடு ஒழுகி மேல்தட்டு நனைந்தது. மருத்துவர் ஒரு மென்பொருள் வாங்கினார். நிலையத்தின் நிர்வாகம் என்னுடையது என்பதால் அட்டைகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலையும் என்னுடையதானது. ஐந்து வாரம் எடுத்தது.

மென்பொருளைப் பழக்க வவுனியாவில் இருந்து ஒருவர் மூன்று நாள் வந்தார். முதல் நாள் பதிவு, இரண்டாம் நாள் மருந்துச் சீட்டு, மூன்றாம் நாள் பாதுகாப்பு. மூன்றாம் நாள் அவர் விரல் மடித்துச் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

"தரவு துலையக் கூடாது. துலைஞ்சால் ஒருத்தராலயும் எடுத்துத் தர ஏலாது. ஆனபடியால் மூண்டு பிரதியாவது வேணும். அதில ஒண்டு இந்தக் கட்டடத்துக்கு வெளியில இருக்க வேணும்."

வரவேற்பு மேசைப் பெண் தலையாட்டினார். அந்த மூன்று நாளும் அவர் இவ்வளவு உறுதியாகத் தலையாட்டியதை நான் காணவில்லை.

அவர் ஏன் தலையாட்டினார் என்பது எனக்குத் தெரியும். போரின் கடைசி இடப்பெயர்வில் வீட்டின் அத்தனை பத்திரங்களையும் ஒரே பையில் வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் பாடசாலை அறிக்கைகள். களப்புத் தண்ணீரைக் கடக்கும்போது அந்தப் பை போய்விட்டது. தான் யார் என்று நிரூபிக்க அவருக்குப் பிறகு ஏழு வருடம் எடுத்தது. அதன் பின் அவர் கையில் வரும் எந்தத் தாளுக்கும் நான்கு பிரதி எடுப்பார். ஒன்று வீட்டில். ஒன்று தமக்கை வீட்டில். ஒன்று லண்டனில் இருக்கும் தம்பியிடம். ஒன்று மண்ணுக்குள். தண்ணீர்க் கட்டணச் சீட்டுக்குக்கூட நான்கு. நாங்கள் இதைச் சொல்லிச் சிரித்ததுண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார். பிரதி எடுப்பதை நிறுத்த மாட்டார்.

பழக்க வந்தவர் இன்னொன்றும் காட்டினார். பிரதி எடுக்கும்போது திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் சரி அடையாளம் இட்டால் கடவுச்சொல் கேட்கும்.

"இதைப் போட்டால் வேற ஆரும் திறக்க ஏலாது."

"நாங்கள் மறந்தால்?" என்று வரவேற்பு மேசைப் பெண் கேட்டார்.

"மறந்தால் நானும் திறக்க ஏலாது. ஆண்டவர் வந்தாலும் திறக்க ஏலாது."

"அப்ப எல்லாம் போச்சோ?"

"ஓம் அக்கா. எல்லாம் போச்சு."

அறையில் நான்கு பேர் இருந்தோம். வவுனியாவில் இருந்து வந்தவரைத் தவிர மற்ற மூவரும் எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர்கள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் வரவேற்பு மேசைப் பெண்ணைப் பார்த்தேன். "அப்ப அது வேண்டாம் அண்ணை" என்றார் அவர். மவுஸ் என் கையில் இருந்தது. கட்டத்தில் ஏற்கெனவே இருந்த சரி அடையாளத்தை நான் எடுத்தேன்.

பழக்க வந்தவர் "உங்கட விருப்பம்" என்றார். மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துலைந்துவிடும் என்று மட்டும்தான் பயந்தோம்.

*

எட்டு மணிக்கு மருத்துவ நிலையத்தை அடைந்தேன். வரவேற்பு மேசைப் பெண் முதல் பேருந்தில் வந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பென் ட்ரைவை மேசையில் வைத்தேன்.

"தங்கச்சி, இப்பிடி எத்தனை இருக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. "நாலு அண்ணை. அவர் மூண்டு எண்டுதான் சொன்னவர். நான் ஒண்டு கூட எடுத்தனான்."

"எங்க எங்க?"

"ஒண்டு இஞ்ச லாச்சிக்குள்ள. ஒண்டு அத்தானிட்ட. ஒண்டு லண்டனுக்குத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினனான். பேந்து..." தயங்கினார். "ஒண்டு வீட்டில."

"வீட்டில எங்க?"

"கிணத்தடியில. ரின்னுக்குள்ள போட்டுத் தாட்டு வைச்சிருக்கிறன்."

கடையில் நடந்ததைச் சொன்னேன். கையில் இருந்த துணியை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"ஆர் பாத்தது?"

சொன்னேன்.

"ரீச்சரின்ர பேரையோ?"

"ஓம்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "என்னட்ட ஆரும் பூட்டி வை எண்டு சொல்லேல்லை அண்ணை. துலைக்காதை எண்டுதானே எல்லாரும் சொன்னீங்கள்."

அது உண்மை.

ரீச்சர் என்று நாங்கள் சொன்னது முல்லைத்தீவுக் கரையோரத்தில் முன்பள்ளி நடத்தும் ஒரு பெண்ணை. கத்தோலிக்கக் குடும்பம், கணவர் கடல்தொழில். வவுனியாவில் ஒரு மனநல மருத்துவர் அவருக்குத் தொடங்கிய மருந்தை எங்கள் மருத்துவர் தொடர்ந்து கொடுத்துவந்தார். மாதம் ஒருமுறை இரண்டு பேருந்து மாறி வருவார். வழியில் இரண்டு வைத்தியசாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஊரார் யாராவது இருப்பார்கள் என்பதால் எங்களிடம் வருவார்.

அட்டைக் காலத்தில் அவருக்குப் பெயர் இல்லை. ஓர் இலக்கம் மட்டும். மென்பொருள் பெயரில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. அடையாள அட்டை இலக்கமும் கேட்கும். நான் அவரை உள்ளே கூப்பிட்டு இதைச் சொன்னேன்.

"கட்டாயமோ?" என்று கேட்டார்.

"கட்டாயம். ஆனால் அலுமாரியை விட இது பத்திரம் ரீச்சர்."

"என்னட்ட இருபத்து மூண்டு பிள்ளையள் வருகுதுகள். நான் இந்த மருந்து குடிக்கிறன் எண்டு தெரிஞ்சால் ஒரு தாயும் பிள்ளையை விடமாட்டா. ஊரில தெரியக்கூடாது."

பெயரைச் சொன்னார். தட்டச்சு செய்தேன். கீழே குறிப்பு என்று ஒரு வெற்றிடம் இருந்தது. பிறகு இந்தக் கணினியில் இருக்கப்போகிறவர்களும் கவனமாக இருக்கட்டும் என்று அவர் சொன்னதையே அதில் எழுதினேன். மாத்திரைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கரையோரத்தில் இருந்து படிவம் அச்செடுக்க வந்த ஒருவருக்கு அவற்றில் இருந்து எதுவும் விளங்கியிராது. நான் எழுதியது நல்ல தமிழில் இருந்தது.

*

மருத்துவர் ஒன்பது மணிக்கு வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டார். கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"அவாவுக்குச் சொல்ல வேணும்" என்றார்.

வரவேற்பு மேசைப் பெண் மறுத்தார். "ஏன் டொக்டர்? அந்த மனிசி ஒருத்தருக்கும் சொல்லாமலும் விட்டிருக்கலாம். நாங்கள் சொல்லி ஏன் அவாவின்ர நித்திரையைக் கெடுப்பான்?"

"அக்கா, ஊருக்குத் தெரிஞ்சு அவாவுக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது சரியோ?"

தொலைபேசியில் பேசுவது நான் என்று முடிவானது. முன்பள்ளி பதினொன்றரைக்கு விடும். பன்னிரண்டு ஐந்துக்கு எடுத்தேன்.

என்ன நடந்தது, எங்கே, எப்போது, யாரால் என்ற வரிசையில் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பின்னணியில் யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"என்ர பேரும் கிடந்ததோ?"

"ஓம் ரீச்சர்."

"பேருக்குப் பக்கத்தில என்ன எழுதிக் கிடந்தது?"

வாசித்தேன்.

"அது நான் உங்களுக்குச் சொன்ன கதையெல்லோ."

"ஓம்."

"அப்பிடியே எழுதினீங்களோ?"

"அப்பிடியே. பத்திரிகையில இருந்து வந்த பழக்கம்."

"பத்திரிகையில இருந்தனீங்கள் எண்டு அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். "நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பன்."

ரீச்சர் சொன்னவற்றைத் தவறாமல் எழுதியிருந்தேன். தவறு அதில்தான் இருந்தது.

"சனிக்கிழமை பின்னேரம் எண்டு சொன்னீங்கள்" என்றார். "அதுதான் நேற்றுக் கோயில்ல பூசைக்கு என்ர வாங்கில பக்கத்தில ஒருத்தரும் வந்து இருக்கேல்லை. நான் என்ர சீலையைப் பாத்தன், ஊத்தையோ எண்டு."

பிறகு, "இண்டைக்குப் பதினாலு பிள்ளையள்தான் வந்தது. சளிக்காய்ச்சல் எண்டு நினைச்சனான்."

தான் ஊருக்கு வந்து பிள்ளைகளின் பெற்றோரிடம் கதைப்பதாக மருத்துவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

"வேண்டாம். டொக்டர் வந்தால் இன்னும் தெரியாத தாய்மாருக்கும் தெரிஞ்சுபோம்." மூச்சு விட்டார். "படிவம் அடிக்க வந்தவாவை எனக்கு ஆரெண்டு தெரியும். மகளை விசுவமடுவில குடுத்தவா எங்கட பக்கத்தில ஒருத்திதான். அவாவின்ர மகன்ர பிள்ளையும் என்னட்டத்தான் வருகுது. நீங்கள் அவாவோட ஒண்டும் கதைக்கப்படாது."

"கதைக்க மாட்டம். வேற என்ன செய்ய வேணும் ரீச்சர்?"

"மற்றப் பிரதியள் எல்லாத்தையும் எடுங்கோ. பேந்து ஒண்டு. நான் ஒவ்வொரு நாளும் எத்தனை பிள்ளை வந்தது எண்டு உங்களுக்குச் சொல்லுறன். அதை எழுதி வையுங்கோ. உங்களுக்குச் சொன்னதை அப்பிடியே எழுதத் தெரியும்தானே."

தொலைபேசியை வைத்துவிட்டார்.

*

லண்டன் தம்பியை வரவேற்பு மேசைப் பெண் அன்றே எழுப்பினார். அங்கே விடியவில்லை.

"உதை அழி" என்றார்.

"எதை?"

"நான் அனுப்பினதை."

"அக்கா, நீ எனக்குப் பதினைஞ்சு வரியமா அனுப்பின ஒண்டையும் நான் அழிக்கேல்லை. அழிச்சால் கொல்லுவன் எண்டனீ."

"இப்ப அழிக்காட்டிக் கொல்லுவன்."

அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்றார். கிடைத்ததற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியதோடு சரி. அழித்துவிட்டதைப் படமெடுத்து அனுப்பினார். அந்தப் படத்தில் அழிக்கப்பட்டதற்கு மேலே ஒரு தண்ணீர்க் கட்டணச் சீட்டு இருந்தது.

பின்னேரம் நாலரைக்கு அவருடைய வளவில் இருந்தோம். மருத்துவரும் வந்திருந்தார். கிணற்றுக் கட்டில் இருந்து வடக்கே நான்கு அடி. மண்வெட்டியை யாரிடமும் கொடுக்காமல் அவரே வெட்டினார். ஒன்றரை அடியில் பால்மா ரின் தட்டுப்பட்டது. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். உள்ளே மூன்று பொலித்தீன் பைகள், ஒன்றுக்குள் ஒன்று. அதற்குள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், கணவரின் மரணச் சான்றிதழ், அவற்றோடு எங்கள் மருத்துவ நிலையத்தின் பென் ட்ரைவ்.

"மாரி முழுக்க இதுக்குள்ள கிடந்தது. வேலை செய்யுமோ தெரியாது" என்றார்.

மருத்துவர் தன் கணினியைக் கொண்டுவந்திருந்தார். செருகினோம். எல்லாம் திறந்தது. நோயாளர் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வரிசையில் இருந்தார்கள். மருத்துவர் நீண்ட நேரம் அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பினார். நான் அழித்தேன்.

வரவேற்பு மேசைப் பெண் மற்றத் தாள்களை மறுபடி பைகளுக்குள் வைத்து, ரின்னை மூடி, அதே குழியில் இறக்கினார். அதை நாங்கள் தடுக்கவில்லை.

மென்பொருளைப் பழக்கிய வவுனியாக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டு இப்போது எல்லாவற்றுக்கும் கடவுச்சொல் இட்டிருக்கிறோம். அது மூன்று பேருக்குத் தெரியும், எங்கும் எழுதப்படவில்லை. குறிப்பு என்ற வெற்றிடத்தை நான் நிரப்புவதில்லை. கோப்பில் இருந்த மற்றவர்களுக்கும் அந்தக் கிழமை முழுவதும் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்துச் சொன்னோம். சிலர் ஏசினார்கள். ஒருவர், "என்ர சீனி வருத்தம் ஊருக்கே தெரியும், உதுக்கும் ஒரு போன் கோலோ" என்று சிரித்தார். லமினேட் செய்த அறிவித்தல் இன்னும் என் லாச்சிக்குள் இருக்கிறது.

ரீச்சரின் மருந்து முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மருத்துவர் மாத்திரைகளை ஒரு உறையில் இட்டு, பெயர் எழுதாமல், தானே கொண்டுபோய் முல்லைத்தீவு பேருந்து நிலையத்தில் வைத்துக் கொடுத்தார். ரீச்சர் வாங்கிக்கொண்டதாக மருத்துவர் சொன்னார்.

ஒவ்வொரு நாளும் முற்பகல் ஒன்பதுக்கு என் தொலைபேசிக்கு ஓர் எண் வந்தது. வணக்கமோ பெயரோ இல்லை. ஒரு கொப்பியில் பெயரில்லாமல் எழுதினேன். செவ்வாய் பதினொன்று. புதன் ஒன்பது. வியாழன் ஒன்பது. வெள்ளி ஆறு.

அடுத்த திங்கட்கிழமை எண்ணோடு ஒரு வரியும் வந்தது. வந்த பிள்ளைகள் மூன்று பேர். அதில் ஒன்று, கடையில் அந்தக் கோப்பைத் திறந்தவரின் பேரப்பிள்ளை.